தனக்குத்தானே கூலி போட்டுக்கொண்டவர்

அக்கா வீட்டுக்குள் யாராவது நுழைந்தால் முதலில் கடிகாரம் நிற்கும். அதிசயம் ஒன்றுமில்லை. அக்கா எழுந்து போய், சுவரிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி, அதன் முதுகிலிருந்து பாட்டரியை உருவி மேசைமேல் வைப்பார். அதற்குப் பிறகுதான் "வாங்க தம்பி, உக்காருங்க" என்பார். வந்தவர் எழுந்து போனதும் பாட்டரி உள்ளே போகும். கடிகாரம் விட்ட இடத்திலிருந்து ஓடும். அந்த வீட்டில் கடிகாரம் இருந்தது, நேரம் இருக்கவில்லை. குன்னூரே மதியச் சாப்பாடு முடித்துக் கை கழுவும்போது அங்கே காலை ஒன்பதேகால் ஆகியிருக்கும். குடிவந்த புதிதில் அந்த ஒன்பதேகாலை நம்பி நிதானமாகக் காபி குடித்து, மஞ்சூர் பஸ்ஸைத் தவறவிட்டவன் நான்.

"அது ஊர் நேரமில்லீங்க தம்பி, வேலை நேரம்" என்றார் அக்கா. "உங்ககூடப் பேசற நேரத்துக்கெல்லாம் வாங்கறவங்க காசு குடுப்பாங்களா?"

என் பேச்சுக்கு யாரும் காசு கொடுக்கமாட்டார்கள் என்பது எனக்குப் புதிய செய்தியல்ல. சின்னப் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனுக்கு இதைப் பக்கத்து வீட்டுக்காரர் வேறு நினைவூட்ட வேண்டியதில்லை.

மார்க்கெட்டுக்கு மேலே படியேறிப் போனால், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட இரண்டு வாடகை வீடுகள். ஒன்றில் நானும் மனைவியும். ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீசில் அப்போது எனக்கு மதிய ஷிப்ட் வேலை. மற்றொன்றில் அக்கா, தனியாக. அறுபதைத் தாண்டியவர், மணமாகாதவர். எஸ்டேட் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவர். எஸ்டேட் கைமாறியபோது வேலையும் குவார்ட்டர்ஸும் ஒன்றாகப் போய்விட, இங்கே வந்து காதணி செய்ய ஆரம்பித்தார். தைலமரத்தடியில் சின்னப் பம்பரம் போலக் காய்கள் உதிர்ந்து கிடக்குமே, அவற்றைப் பொறுக்கி வந்து, வேகவைத்து, உலர்த்தி, துளை போட்டு, வார்னிஷ் பூசி, வெள்ளி முலாம் போட்ட கம்பியில் கண்ணாடி மணிகளோடு சேர்த்து முறுக்கித் தொங்கட்டான் ஆக்குவார். நாமெல்லாம் மிதித்துக்கொண்டு போகிற சாமான், அவர் கைக்குப் போய் வந்தால் காதில் ஏறிவிடும்.

இதற்கு அவர் விலை வைக்கும் முறைதான் அக்கா என்று சொல்லிவிடலாம். கம்பிக்கு ஆன செலவு, மணிக்கு ஆன செலவு, அதற்குமேல் கூலி. கூலி என்றால் அக்கா அக்காவுக்குக் கொடுக்கிற கூலி. எஸ்டேட்டில் ஒருநாள் கூலி எழுதுவதைப் 'பேர் போடுவது' என்பார்கள்; பாதி வேலைக்கு அரைப் பேர். அக்கா பகலெல்லாம் தொழிலாளியாக உட்கார்ந்து கம்பி முறுக்குவார். சாயங்காலம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஆபீஸாக மாறி, தொழிலாளிக்குப் பேர் போடுவார். மணி ஒன்று உடைந்துவிட்டால் அரைப் பேர்தான்.

"கம்பி கோணிப்போயி பிரிச்சு முறுக்கினா, அந்த நேரம் வெலையில சேராதுங்க. தப்புப் பண்ணுனது நான். வாங்கறவங்க என்ன பண்ணுனாங்க?"

இவ்வளவு கடுமையான துரை நீலகிரியில் எந்த எஸ்டேட்டிலும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இவ்வளவு சாதுவான தொழிலாளியும் இருந்திருக்க முடியாது. யூனியன் ஆரம்பிக்கவும் வழியில்லை, இரண்டு தரப்பும் ஒரே ஆள்.

அக்காவின் காதில் ஓட்டைகூடக் கிடையாது. அவர் போகிற கிறிஸ்தவச் சபையில் நகை அணியமாட்டார்கள். செய்து விற்கலாமா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கூடாது என்று யாரும் வந்து சொல்லவும் இல்லை. ஆனால் தொங்கட்டான் செய்தால் அது தொங்குகிறதா, ஆடுகிறதா, கன்னத்தில் இடிக்கிறதா என்று யாராவது போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். என் மனைவி பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள். மிஞ்சியது என் காது. நூலில் வளையம் கட்டி என் காதில் மாட்டிவிட்டு, "தம்பி, தலையக் கொஞ்சம் ஆட்டுங்க. அப்பிடியில்லீங்க, யாரோ கூப்பிட்டு நீங்க திரும்பறாப்பல" என்பார். அந்த நேரத்தில் மட்டும் பாட்டரியைக் கழற்றமாட்டார். அப்போது நான் விருந்தாளி அல்ல, உபகரணம். ஃபேக்டரிக்குப் பச்சைத் தேயிலை கொண்டுவரும் ஏஜென்ட் ஒருவர் ஒருநாள் என்னைத் தேடிக்கொண்டு அங்கே வந்தார். இரண்டு காதிலும் தொங்கட்டானோடு, யாரோ கூப்பிட்டதுபோல நான் திரும்பினேன். "அப்புறமா வர்றனுங்க சார்" என்று சொல்லிப் போனவர், அந்த அப்புறத்தை வேறு ஃபேக்டரியில் வைத்துக்கொண்டார்.

"அழகுக்கு ஒரு விலை போடலாமே அக்கா" என்று ஒருமுறை கேட்டேன்.

அக்கா குறடைக் கீழே வைத்தார். "அதைப் போட்டுக்கிட்டா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. தெரியாத ஒண்ணுக்கு நான் எப்பிடிக் காசு கேக்கறது? என்ற கைக்குத் தெரிஞ்சதுக்குத்தான் கேக்க முடியும்."

இந்த வாதத்தில் எங்கோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. எங்கே என்று தெரியவில்லை. நான் படித்திருந்த புத்தகங்கள் எல்லாம் சேர்ந்து அலமாரியில் சும்மா இருந்தன.

இந்தக் கணக்கெல்லாம் வேடிக்கையாக மட்டும் இருந்திருக்கலாம், அண்ணன் என்று ஒருவர் இல்லாவிட்டால். போத்தனூரில் சொந்த வீடு, மகன், மருமகள் என்று வசதியாக இருந்தார். நல்ல மனிதர்; அதுதான் சிக்கல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அக்கா வீடு வரும் நேரத்துக்குச் சரியாகப் போன் வரும். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார். எங்கள் சுவர் மெல்லியது.

"ஏனம்மிணி, இன்னும் பாசிமணி கோத்துட்டுத்தான் இருக்கறயா?"

"ஆமாங்ணா."

"அந்தக் குளுருல தனியாக் கெடந்து என்ன பண்ணப் போற? இங்க ரூம் சும்மா கெடக்குது. வந்துரு."

"பாக்கலாங்ணா."

போனை வைத்துவிட்டு ஒருநாள் என் மனைவியிடம் சொன்னார்: "அண்ணன் ஊட்டுல எனக்கு எல்லாம் கெடைக்கும் கண்ணு. சோறு, டிவி, மாத்திரை. ஆனா யாராச்சும் வந்து, இவங்க யாருன்னு கேட்டா, 'என் தங்கச்சி, எங்ககூட இருக்கறா'ன்னு சொல்லுவாங்க. அதோட முடிஞ்சு போயிரும். இங்கன்னா, தொங்கட்டான் பண்றவங்க."

ஆக, விஷயம் இவ்வளவுதான். வாடகையைத் தொங்கட்டான் கொடுக்கும்வரை அக்கா குன்னூரில் இருக்கலாம். கொடுக்காத மாதம் வந்தால் போத்தனூருக்கு இறங்க வேண்டும். வீட்டுக்காரர் ஒவ்வொரு வருஷமும் வாடகையை ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா ஒவ்வொரு வருஷமும் விலையை இறக்கிக்கொண்டிருந்தார்.

ஆமாம், இறக்கிக்கொண்டிருந்தார். செய்யச் செய்யக் கை பழகும் அல்லவா? முதலில் ஒரு ஜோடிக்கு ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனது. அப்புறம் பாதிக் காலை. அப்புறம் நான் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் ஒரு காது முடிந்துவிடும். நேரம் குறைந்தால் கூலி குறைய வேண்டும், கூலி குறைந்தால் விலை குறைய வேண்டும். அக்காவின் நியாயப்படி, அவர் எவ்வளவு தேர்ந்தாரோ அவ்வளவு மலிவானார். உலகத்தில் வேறு எந்தக் கலைஞனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. டாக்டர்களுக்கு நிச்சயம் வந்திருக்காது.

ஒரு சாயங்காலம் கதவைத் தட்டி என் மனைவியின் கையில் நூற்றிருபது ரூபாயைக் கொடுத்தார்.

"என்னக்கா இது?"

"போன வருஷம் நீ முந்நூறு ரூவாய்க்கு ஒரு ஜோடி வாங்குனயே கண்ணு. இப்ப அது நூத்தியெம்பதுக்கே முடியுது. அப்ப எனக்குக் கை வராதது உன்ற குத்தமா?"

என் மனைவிக்கு வந்த கோபத்தை நான் கல்யாணமான நாளாகப் பார்த்ததில்லை. அந்தத் தொங்கட்டானை அறுநூறு ரூபாய் என்று அவள் ஸ்டாஃப் ரூமில் சொல்லி வைத்திருந்தாள். "இன்னும் ரெண்டு வருஷம் போனா ஓசியில வாங்குனதாத்தான் சொல்லணும்" என்று அன்றிரவு முழுக்கப் பொருமினாள்.

எதிர்த்திசையிலும் அந்தக் கணக்கு வேலை செய்யுமா என்று பார்க்க எனக்கு வாய்ப்பு வந்தது. அந்த வருஷப் பனிக்காலத்தில் அக்காவின் விரல் முட்டிகள் கொஞ்ச நாள் வீங்கிக்கொண்டன. காலையில் வெந்நீரில் கையை முக்கி வைத்துவிட்டுத்தான் குறடு பிடிப்பார். ஒரு ஜோடிக்கு முன்புபோல் இரண்டு மடங்கு நேரம் ஆனது. "அப்ப விலை ஏறணும், இல்லீங்களா?" என்றேன், கட்சி ஜெயித்தவனைப்போல.

"என்ற முட்டி வலிக்கு அவங்க எதுக்குக் காசு குடுக்கணும்?"

நியாயத் தராசு என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததற்கு ஒரு தட்டுதான் இருந்தது. அக்கா எப்போதும் அதன் எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருக்கும்.

பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டு விவசாயிகள் மீண்டும் போராட்டம் நடத்திக்கொண்டிருந்த சமயம் அது. நான் அதை வைத்து ஒரு பிரசங்கம் செய்தேன். இந்த மலையில் பொருளை உண்டாக்குகிறவன் எவனுக்கும் விலை சொல்ல வாயில்லை, ஃபேக்டரிக்கு இலை போடுகிறவன் யாரோ சொல்லும் விலையை வாங்கிக்கொண்டு போகிறான், தன் சாமானுக்குத் தானே விலை வைக்கிற பாக்கியம் உங்களுக்குத்தான் இருக்கிறது, அதை இப்படி வீணாக்கலாமா என்றெல்லாம் பேசினேன். பாட்டரி மேசைமேல் கிடந்தது.

"அதனாலதானுங்க பயமா இருக்குது" என்றார் அக்கா. "மத்தவங்க வெல வெச்சா அவங்களத் திட்டலாம். நானே வெச்சா யாரத் திட்டறது?"

டிசம்பரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கைவினைப் பொருள் விற்பனை நடக்கும். பழம் ஊறவைத்துச் செய்த கேக், ஜாம், பின்னிய ஸ்வெட்டர், மெழுகுவர்த்தி என்று ஆளுக்கொரு மேசை. அந்த வருஷம் அக்காவின் பக்கத்து மேசைக்குக் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். பகலில் எஸ்டேட்டில் கொழுந்து பறித்துவிட்டு, சாயங்காலங்களில் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு காதணி செய்திருந்தார். அதே தைலமரக் காய், அதே மணி. முறுக்கு மட்டும் கொஞ்சம் தளர்வு. அவர் மேசையில் விலை நானூறு. அக்கா மேசையில் நூற்றியெண்பது.

மேசை தூக்க ஆள் வேண்டும் என்று நானும் போயிருந்தேன், ஆகவே நடந்ததை நேரில் பார்த்தேன். வந்தவர்கள் அந்தப் பெண்ணின் தொங்கட்டானை எடுப்பார்கள், காதருகே வைத்துப் பார்ப்பார்கள், அக்காவின் மேசையில் விலையைப் பார்ப்பார்கள், கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு ஓரடி நகர்வார்கள். மதியத்துக்குள் அக்காவின் மேசை காலி. பக்கத்து மேசை வைத்தது வைத்தபடி இருந்தது.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "வெலையக் கொஞ்சம் கொறச்சு வெய்யி கண்ணு, போயிரும்" என்றார்.

"எதுலக்கா கொறைக்க?" என்றார் அந்தப் பெண். குரல் உயரவில்லை. "இந்த ஒரு ஜோடிக்கு எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போவுது. ஒங்களுக்குக் கை ஓடுது, எனக்கு ஓடல. ஒங்க வெலைக்குச் செய்ய என்னால ஏலாது."

"நான் நியாயமா, ஆன நேரத்துக்கு மட்டும்தான் கண்ணு போடறேன்."

"வாங்குறவங்களுக்கு நியாயம். எனக்கு? நீங்க ஒங்க கூலியக் கொறச்சா, பக்கத்துல இருக்கறவளுக்கும் சேத்துத்தானக்கா கொறையுது? எங்க தோட்டத்துல ஒருத்தி போயி, நான் கொறஞ்ச கூலிக்கு வாரேன்னு சொன்னா, அவளை நாங்க என்னன்னு சொல்லுவோம் தெரியுமா?"

"என்னன்னு?"

"பள்ளிக்கூடத்துல வச்சு அதைச் சொல்ல ஏலாது."

அந்தப் பெண் தன் தொங்கட்டான்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, நாலுமணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

வீட்டுக்குப் படியேறும்போது அக்கா பாதியில் நின்றார். "என்னன்னு சொல்லுவாங்க தம்பி?"

"எனக்குத் தெரியாதுங்க அக்கா."

"கட்டுரையெல்லாம் எழுதறீங்க."

அடுத்த வாரம் அவர் கோத்தகிரி பஸ் ஏறிப் போனார். அந்தப் பெண்ணின் வீட்டைக் கண்டுபிடித்து, அவர் கொழுந்து பறித்துவிட்டு வரும்வரை வாசலில் காத்திருந்து, ஒரு ஜோடி முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று சொல்லவில்லை. மறுநாள் தன் தொங்கட்டான்களின் விலைச்சீட்டையெல்லாம் பிய்த்துவிட்டு நானூறு என்று எழுதி ஒட்டினார்.

"அந்தப் பொண்ணு கைக்கு ஆகற நேரந்தான் இனி வெல. என்ற கை வெரசா முடிச்சா, அது என்ற கைக்கு லாபம். வெச்சுக்கறேன்."

"இதைத்தானே அக்கா நான் இத்தனை நாளாச் சொல்லிக்கிட்டிருந்தேன்?"

"நீங்க சும்மா சொன்னீங்க. அந்தப் பொண்ணு கோவமாச் சொல்லுச்சு."

விலையேற்றத்தின் முதல் அடி எங்கள் வீட்டில் விழுந்தது. மனைவியின் தங்கைக்குப் பிறந்தநாள் வந்தது. ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு விலையைக் கேட்டோம். "நானூறா!" என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அது என் வாயிலிருந்து வந்திருந்தது. மனைவி வேறு உத்தியைக் கையாண்டாள். "நம்ம ஊட்டுக்குமாக்கா?" அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. பதில் சொன்னால் குறைத்துவிடுவோம் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்பது புரிந்ததும் நான் பர்ஸை எடுத்தேன்.

மற்றவர்களுக்கு அப்படிப் புரிய வேண்டிய அவசியம் இல்லை. வழக்கமாக வாங்குகிறவர்கள், அந்தம்மாவுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்றார்கள். ஜனவரியில் அநேகமாக விற்பனையே இல்லை. பிப்ரவரியில் விற்றும் விற்காத மாதிரி. வாடகைக்குச் சேமிப்பிலிருந்து எடுத்தார். "பழைய விலைக்கே போயிடலாமே" என்று என் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "போனா அந்தப் பொண்ணு மூஞ்சில எப்பிடி முழிக்கறது கண்ணு?" என்றார். ஞாயிற்றுக்கிழமைப் போனில் "பாக்கலாங்ணா" என்பது மெல்ல மெல்ல "மே மாசம் வாங்ணா, பேசிக்கலாம்" என்று ஆனது. எங்கள் வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம்.

மே மாதம் அண்ணன் வந்தார். சீசன் தொடங்கி, டூரிஸ்ட்கள் நானூறு ரூபாயைக் கேள்வி கேட்காமல் கொடுக்க ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. மகன் காரோட்ட, மருமகளோடு மலையேறி, பழக்காட்சி பார்த்துவிட்டு, அப்படியே தங்கையை அழைத்துக்கொண்டு போவதாகத் திட்டம். எனக்கும் அழைப்பு வந்தது. பெட்டி தூக்க ஆள் வேண்டுமே.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "எல்லாம் எடுத்துக்க அம்மிணி. இந்தப் பாசி, கம்பி எல்லாத்தையும் எடுத்துக்க. வேண்டாம்னு நான் சொல்லல. அங்க சொந்தக்காரங்க, அக்கம்பக்கத்துக்காரங்க எத்தன பேரு இருக்கறாங்க. ஆளுக்கொண்ணு செஞ்சு குடு. உனக்கும் பொழுது போகும்."

"குடுக்கறதுன்னா?" என்றார் அக்கா.

"சும்மாதான். உனக்கெதுக்கு அம்மிணி காசு? நாங்க பாத்துக்க மாட்டமா?"

அவர் அதை அவ்வளவு பிரியமாகச் சொன்னார். மருமகள் இதற்குள் மேசையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்துக் காதில் மாட்டி, போன் கேமராவில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சூப்பரா இருக்குங்க அத்தை. நான் இதையே போட்டுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள்.

"நானூறு ரூவாய்ங்க" என்றார் அக்கா.

மருமகள் நின்றாள். அண்ணன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பைப் பாதியில் நிறுத்தி, "அது மத்தவங்களுக்கு. அண்ணனுக்கு?" என்றார்.

அக்காவின் விரல்கள் சேலைத் தலைப்பை, கம்பி முறுக்குவதுபோல முறுக்கிக்கொண்டிருந்தன. "அண்ணனுக்கும் நானூறுதானுங்க. கோத்தகிரில ஒரு பொண்ணு இதே வெலைக்கு விக்கறா. நான் உங்குளுக்குச் சும்மா குடுத்தா, அவ நாளைக்கு யாருகிட்டப் போயிக் கேக்கறது?"

அண்ணனுக்குக் கோத்தகிரிப் பெண் யார் என்று தெரியாது. அவர் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்தேன். இந்த மாதிரிச் சமயங்களில் எனக்கு நன்றாக வருகிற வேலை அது. பிறகு பர்ஸ் திறக்கிற சத்தம் கேட்டது.

அக்கா நோட்டுகளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கடைக்கு வந்த எவரிடமும் சொல்வதுபோல, "நன்றிங்க" என்றார். அப்புறம் எல்லாருக்கும் டீ போட உள்ளே போனார். டீ வந்தது. பழக்காட்சியைப் பற்றியும், பர்லியாறு வளைவில் நின்ற யானையைப் பற்றியும் பேசினோம். பெட்டியைப் பற்றி அண்ணனும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

கார் நிற்கும் இடம்வரை நான்தான் கூடப் போனேன். அண்ணன் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"சின்னதுல ஒரு முட்டாய்க்குக்கூட எங்கிட்டக் காசு கேட்டதில்லீங்க தம்பி, அவ" என்றார்.

இறங்கும்போது தங்கைக்கு மலைப்பாதையில் தலைசுற்றும் என்று முன்சீட்டை அவருக்காக ஒதுக்கி வைத்திருந்தார்களாம். அந்தச் சீட்டில் மகன் மார்க்கெட்டில் வாங்கிய ஊட்டிக் கேரட்டுக் கட்டுகளை ஏற்றி வைத்தான். அண்ணன் பின்சீட்டிலேயே ஏறிக்கொண்டார். கேரட் முன்னால் உட்கார்ந்து போத்தனூருக்கு இறங்கிப் போயிற்று.